கொப்பி மேலே போகும்போது

பல் விளக்குவதைப் பற்றி இனிமேல் யாரும் எழுதக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை நான் வகுப்பில் சட்டம் போட்டேன். தரம் நான்கு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் விளக்காமல் ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்பது அவர்களுடைய குழப்பம். அது நியாயமான குழப்பம்தான்.

அதற்கு முந்திய வாரம்தான் நாட்குறிப்புக் கொப்பிகளைத் தொடங்கியிருந்தோம். வட்டக்கச்சியிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கும் சின்னப் பாடசாலை எங்களுடையது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால், நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வெயில் ஏறிவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளும் நானும் அவிந்துகொண்டிருப்போம். கிளிநொச்சி நகரில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அதிபர் என்னை அனுப்பினார். வேறு யாரும் போகச் சம்மதிக்கவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அங்கே கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் தினமும் தங்களைப் பற்றி எழுத வேண்டும், எழுத்துப் பிழை பார்க்கக் கூடாது, சிவப்புப் பேனையால் கீறக் கூடாது, வாசித்தோம் என்பதற்கு அடையாளமாகத் திகதியும் கையொப்பமும் போட்டால் போதும் என்று சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு அவர், உங்களில் யார் யார் நாட்குறிப்பு எழுதுகிறீர்கள், கையை உயர்த்துங்கள் என்றார். மண்டபத்தில் ஒரு கையும் உயரவில்லை. ஆசிரியர்களே இப்படியென்றால் பிள்ளைகளை என்ன சொல்வது என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நானும் ஒருகாலத்தில் எழுதியவள்தான். உயர்தரம் படித்த நாட்களில் ஒவ்வொரு நாளும் எழுதினேன். கடைசிச் சண்டை நேரம், இராணுவத்தின் பக்கம் போவதற்கு முதல், சனம் எல்லாம் படங்களையும் கடிதங்களையும் எரித்தபோது நானும் என் டயறிகளை எரித்தேன். அவற்றில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பெடியனைப் பற்றிக் கொஞ்சம், பாண் கிடைக்காததைப் பற்றிக் கொஞ்சம். ஆனால் ஆட்களின் பெயர்கள் இருந்தன. ஆளைப் பிடித்துப் போக ஒரு பெயர் போதும் என்று அப்போது எல்லோருக்கும் பயம். அந்த மண்டபத்தில் இருந்த பலரும் அப்படி எரித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதைச் சொல்லி அந்த அம்மாவை வெட்கப்பட வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இடைவேளையில் றோல்ஸ் தந்தார்கள். தின்றுவிட்டு வந்தோம்.

வரும்போது பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். என் பிள்ளைகள் எழுதுவார்கள். யாருக்கும் பயந்து எரிக்கத் தேவையில்லாத ஒரு கொப்பி அவர்களுக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். கொப்பிகளைக் கொடுத்த அன்று, இதை நான் மட்டும்தான் வாசிப்பேன், வேறு ஒரு இடமும் போகாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

முதல் வாரம், ஒன்றைத் தவிர, எல்லாக் கொப்பியும் ஒரே கொப்பிதான். “நான் அதிகாலையில் துயிலெழுந்து பல் விளக்கி முகம் கழுவி அம்மா தந்த தேநீரை அருந்திப் பாடசாலைக்குச் சென்றேன்.” இந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட வாழ்நாளில் தேநீரை அருந்தியதில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லாம் தேத்தண்ணி குடிக்கிற கூட்டம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று இப்போதே கட்டுரை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமைச் சட்டம்.

சட்டம் வேலை செய்தது. பல் விளக்குவதும் தேநீர் அருந்துவதும் போன பிறகு எழுத வேறு ஏதாவது வேண்டும் அல்லவா. ஒருவன் யானை வாழைக்குள் புகுந்ததை எழுதினான். “யானை போய்விட்டது. அப்பா இன்னும் பேசிக்கொண்டு இருக்கிறார்” என்று முடித்திருந்தான். தகப்பன் இரணைமடுக் குளத்தில் வலை போடுகிற பிள்ளை ஒருத்தி, “இன்றைக்கு மீன் இல்லை என்று அப்பா சொன்னார். ஆனால் அப்பாவின் சேட்டில் மீன் மணத்தது” என்று எழுதினாள். பாட்டன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன், கடைத் தேயிலை சரியில்லை என்று தன் தகப்பன் ஒவ்வொரு நாளும் குறை சொல்வதை எழுதி, “அவர் தேயிலைத் தோட்டத்தைக் கண்டதே இல்லை” என்று சேர்த்திருந்தான். வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். நெடுநாளுக்குப் பிறகு இந்தத் தொழிலில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

ஒரு கொப்பி மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

அது ஜன்னல் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையுடையது. எண்ணெய் வைத்து இறுக்கி இரட்டைப் பின்னல் பின்னி வருகிறவள். கேட்டால் பதில் சொல்லுவாள், கேட்காவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. மற்றப் பிள்ளைகள் கொப்பிக்குக் கார்ட்டூன் உறை போட்டிருந்தார்கள். இவளுடைய கொப்பி ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. எங்கள் பக்கத்துச் சனம் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த மாதிரிப் பை.

முதல் பக்கத்தில் தகப்பனின் முழுப்பெயர், தாயின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கங்கள், கிராம அலுவலர் பிரிவு. அதன் கீழே இடம்பெயர்ந்து இருந்த ஊர்கள் ஒழுங்காக. அதற்கும் கீழே, பிள்ளையின் உருண்டை எழுத்தில்:

“எனது மூத்த சகோதரன் காணாமல் ஆக்கப்பட்டுள்ளார். மேற்படி நபர் இறுதியாக நீல நிறச் சேட்டும் கறுப்பு நிறக் காற்சட்டையும் அணிந்திருந்தார். விசாரித்துவிட்டு விடுவதாகக் கூறி பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்டார். அவரைக் கண்டுபிடித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்.”

வலது மூலையில் ஒரு படத்தின் போட்டோக் கொப்பி ஒட்டியிருந்தது. திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததில் முகம் கறுத்து, கண் இருக்கும் இடமும் தலைமயிரும் மட்டும்தான் தெரிந்தன. மீசை அரும்பாத வயது. அந்த பஸ் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான் இந்தப் பிள்ளை பிறந்தாள். அவள் அந்த அண்ணனைக் கண்டதே இல்லை.

கொப்பியை மேசையில் வைத்து இன்னொரு தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன். மற்றக் கொப்பிகளில் கையொப்பத்துக்குப் பக்கத்தில் நன்று, மிக நன்று என்று எழுதிவிட்டுத்தான் போவேன். இதில் என்னத்தை எழுதுவது. திகதி போட்டுக் கையொப்பம் மட்டும் வைத்தேன்.

அடுத்த நாளும் அண்ணன்தான். அதற்கடுத்த நாளும் அண்ணன்தான். இடது முழங்காலில் ஒரு தழும்பு உண்டு, சைக்கிளால் விழுந்தது. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரன். நித்திரையில் கதைப்பான். எல்லாம் ஒரே விண்ணப்ப நடையில். நடுவில் சில இடங்களில் தாயின் குரல் தப்பி வெளியே வந்துவிடும். “மேற்படி நபர் முட்டைப் பொரியல் என்றால் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார் என்பதையும் இத்தால் அறியத் தருகின்றேன்” என்று ஒரு நாள் இருந்தது. அதை வாசித்தபோது அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

அழுதாலும், எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரிடம் கோபிப்பது என்று தெரியாத ஒரு எரிச்சல். மற்றப் பிள்ளைகளுக்கு யானை இருக்கிறது, மீன் இருக்கிறது, தேயிலை இருக்கிறது. இவளுக்கு என்று ஒரு நாள்கூட அந்தக் கொப்பியில் இல்லை. தன் வயதையே அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை.

ஒரு இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன்.

“பிள்ளை, இந்தக் கொப்பி உனக்கு எழுதத்தானே தந்தனான். நேற்று உனக்கு என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை ரீச்சர்.”

“ஒண்டும் நடக்காமல் எப்பிடி? விளையாடேல்லையோ? ஆரோடயும் சண்டை பிடிக்கேல்லையோ?”

அவள் தயங்கினாள். “நாய்க்குட்டி ஒண்டு வாய்க்காலுக்கை விழுந்திட்டுது. நான்தான் தூக்கினனான்.”

“அதை ஏன் எழுதேல்லை?”

“அம்மா சொன்னவா, தேவையில்லாத கதையள் எழுதக் கூடாதாம். எழுதினா அவையள் முழுக்க வாசிக்காமல் வைச்சிடுவினமாம்.”

“ஆர் அவையள்?”

அவளுக்கு அது தெரியாது. கொப்பியைப் பைக்குள் போட்டுப் பையின் வாயை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கிடையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கதை வந்தது. அதிபர் நல்ல மனுசன்தான், ஆனால் மேலிடத்து ஆட்கள் என்றால் கையும் காலும் ஓடாது. மேற்பார்வை செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று எல்லா வகுப்புக் கொப்பிகளையும் அலுவலகத்துக்கு எடுத்து, கடைசியாக எழுதிய பக்கத்தில் பாடசாலையின் வட்ட முத்திரையை அடித்து, அதன் மேல் பச்சை மையில் கையொப்பமும் வைத்துவிட்டார். என் நாட்குறிப்புக் கொப்பிகளும் அதில் அகப்பட்டுக்கொண்டன. யானையின் மேலும் முத்திரை, மீனின் மேலும் முத்திரை. பிள்ளைகளின் சொந்தக் கொப்பிக்கு எதற்கு இது என்று அவரோடு வாய்த் தர்க்கம் பட்டேன். “ஒரு சீல் அடிச்சதுக்கு ஏன் ரீச்சர் இவ்வளவு கோவம்?” என்றார். வந்த ஆட்கள் கடைசியில் ஒரு கொப்பியையும் திறந்து பார்க்காமல் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

முத்திரை விழுந்து இரண்டொரு நாளில் அந்தப் பிள்ளையின் தாய் பாடசாலைக்கு வந்தா.

அவாவை நான் முன்பும் கண்டிருக்கிறேன். நகரத்தில் கோயில் பக்கமாக, காணாமல்போனவர்களின் தாய்மார் படங்களோடு இருக்கிற பந்தலில். ஆனால் இந்தப் பிள்ளையின் தாய் என்று தெரியாது. என்னைவிட மூத்தவா. கணவர் வவுனியாப் பக்கம் மேசன் வேலைக்குப் போய், கிழமை முடிவில்தான் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு நல்ல சேலை உடுத்து, ஒரு அலுவலகத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தா. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினா. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், நுனியில் இருந்தா. மடியில் பெரிய பொலித்தீன் பை.

“ரீச்சர், கொப்பி மேல போகேக்கை இதையும் சேர்த்து விடுங்கோ.”

பைக்குள் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தா. பிறப்புச் சான்றிதழின் பிரதி. பாடசாலையில் கணக்குக்குக் கிடைத்த சான்றிதழ். பல இடங்களில் முறைப்பாடு கொடுத்ததற்கான துண்டுகள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் ரேப் ஒட்டியிருந்தது.

“அக்கா, இது ஒரு இடமும் போற கொப்பி இல்லை. பிள்ளையள் எழுதிப் பழகத் தந்தது. நான் மட்டும்தான் வாசிக்கிறனான்.”

அவா என்னைப் பார்த்துச் சிரித்தா. கோபமோ ஏமாற்றமோ இல்லை. நான் கொஞ்சம் வெகுளி என்று நினைக்கிற மாதிரியான சிரிப்பு.

“முந்தியும் உப்பிடித்தான் சொன்னவை ரீச்சர். முகாமில இருக்கேக்கை ரெண்டு பிள்ளையள் கொப்பியோட வந்தவை. சும்மா உங்கட கதையள எழுதிறம் எண்டிச்சினம். சும்மா தானே எண்டு நான் தண்ணிக்கு லைனில நிண்டிட்டன். பிறகு பாத்தா அதுதான் பதிவாம். எழுதிக் குடுத்த ஆக்கள கூப்பிட்டு விசாரிச்சினம். எங்கட பேர் அதில இல்லை. அதுக்குப் பிறகு ஆர் கொப்பியைத் திறந்தாலும் நான் விடுறேல்லை.”

“இது அப்பிடி இல்லை அக்கா. இது பள்ளிக்கூட வேலை.”

அவா பையில் இருந்து மகளின் கொப்பியை எடுத்துத் திறந்தா. என் கையொப்பங்கள் உள்ள பக்கங்களை ஒன்றொன்றாகத் தட்டினா. பிறகு முத்திரை விழுந்த பக்கத்தில் விரலை வைத்தா.

“எத்தினை இடத்தில குடுத்திருப்பன் எண்டு சொல்ல ஏலாது. எல்லாரும் கேட்டுப் பாக்கிறம், கேட்டுப் பாக்கிறம் எண்டு வாங்கி வைப்பினம். ஒருதரும் வாசிச்சதாத் தெரியாது. இதில பாருங்கோ, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள் சைன் வைச்சிருக்கிறியள். இப்ப சீலும் அடிச்சிருக்கு.”

இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவாவுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டு போவது தெரிந்தது. இரகசியமாக வைத்திருக்க வேண்டிய காரணம் ஏதோ எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டா போலிருக்கிறது. போகும்போது வாசலில் நின்று, “உங்களுக்குக் கரைச்சல் வராமல் பாத்துச் செய்யுங்கோ ரீச்சர்” என்று என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனா. அந்தக் காகிதங்களைத் திரும்பக் கொண்டுபோகவும் மறுத்துவிட்டா. அவற்றை என் அலுமாரியில் மேல்தட்டில் வைத்தேன்.

அதிபரிடம் சொன்னேன். முத்திரையை அழிக்க முடியுமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டாவதாக, அந்தப் பிள்ளை இனி நாட்குறிப்பு எழுதாமல் இருந்தால் நல்லது அல்லவா என்றார். எல்லோரும் எழுத அவள் மட்டும் சும்மா இருப்பதா என்று கேட்டேன். அவர் முத்திரையை எடுத்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நானும் வேறு வழி யோசித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது கொப்பி ஒன்று கொடுத்தேன். பழையது வீட்டுக்குப் போய் வரட்டும், அதில் அம்மா சொல்வதை எழுது. இது என் அலுமாரியிலேயே இருக்கும். இடைவேளையில் வந்து, உனக்கு விருப்பமானதை எழுது. நாய்க்குட்டியைக்கூட எழுதலாம் என்று சொன்னேன்.

பல நாட்களாக அதில் ஒன்றும் விழவில்லை. வருவாள், கொப்பியைத் திறப்பாள், பென்சிலைக் கடிப்பாள், மணி அடித்ததும் மூடி வைப்பாள். பென்சில்தான் கரைந்தது. எழுதச் சொல்லி நச்சரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறு கொப்பிகளைப் பார்க்கிற மாதிரிப் பாவனை செய்வேன். பொறுமை எனக்குப் பிறவியில் இல்லாத குணம். அந்த மாதம் கொஞ்சம் பழகிக்கொண்டேன்.

மாரி தொடங்கி, தகரக் கூரையில் மழை அடித்து, நான் கத்தினாலும் பின்வாங்குக்குக் கேட்காத ஒரு நாள் அவள் எழுதினாள். படிப்பிக்க முடியாமல் பிள்ளைகளைப் படம் கீற விட்டிருந்தேன். அவள் எழும்பி வந்து அலுமாரியைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். என் மேசையின் ஓரத்திலேயே நின்று எழுதிவிட்டு, மூடாமல் வைத்துவிட்டுப் போனாள்.

“அண்ணா வந்தால் அம்மாவைத் தெரியும். அப்பாவைத் தெரியும். இந்த வீடு தெரியாது. நாய்க்குட்டியைத் தெரியாது. என்னையும் தெரியாது. இது யார் என்று கேட்பார்.”

அவ்வளவுதான். அந்த வீட்டில் அண்ணன் ஒருவன் இல்லாமல் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் பிள்ளையும் அங்கே இருந்தும் இல்லாமல்தான் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. தாய்க்கே தெரியுமோ என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“இதை அம்மாவுக்குக் காட்டட்டோ?” என்று வீட்டுக்குப் போகும் நேரம் அவளிடம் கேட்டேன். குடையை விரித்தபடி யோசித்தாள். பிறகு, “அவா அழுவாவோ?” என்று கேட்டாள். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். சரி காட்டுங்கோ என்றாள்.

தாய் எப்படியும் வருவா என்று எனக்குத் தெரியும். கொப்பி எந்த அளவில் இருக்கிறது என்று விசாரிக்க இடையிடையே வந்துபோனா. அந்த முறை வந்தபோது நான் அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். அவா வாசித்தா. திரும்பவும் வாசித்தா. அழவில்லை. சேலைத் தலைப்பால் கொப்பியின் மேல் இருந்த சோக்குத் தூளைத் துடைத்தா.

“இவளுக்கு நான் சாப்பாடு குடுக்காமல் விட்டதில்லை ரீச்சர்” என்றா கடைசியாக.

“ஓம் அக்கா. தெரியும்.”

“உடுப்புத் தோய்ச்சுக் குடுக்காமல் விட்டதில்லை.”

“தெரியும்.”

அவா எழும்பிப் போய்விட்டா. செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு பாடசாலை வாசல்வரை நடந்து, திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனா. நான் காட்டியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க மனம் அரித்தது.

அடுத்த கிழமை பிள்ளையின் பழைய கொப்பி மேசைக்கு வந்தபோது தடிப்பாக இருந்தது. திறந்தேன். அண்ணனின் கறுத்த படத்துக்குப் பக்கத்தில் ஒரு புதிய கலர்ப் படம் ஒட்டியிருந்தது. பாஸ்போட் அளவு. ஸ்ரூடியோவின் நீலத் திரை, இரட்டைப் பின்னல், நெற்றியில் பெரிய பொட்டு. அதன் கீழே பிள்ளையின் எழுத்தில்: “இவர் மேற்படி நபரின் தங்கை ஆவார்.”

அண்ணன் இப்போது இருந்தால் முப்பதைத் தாண்டியிருப்பான். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு பேரும் பாடசாலைப் பிள்ளைகள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் தன்னைப் பற்றி எழுதினாள். நடை மட்டும் மாறவில்லை. “தங்கைக்கு மழை பிடிக்கும் என்பதை அறியத் தருகின்றேன். தங்கை நாய்க்குட்டி ஒன்றை வாய்க்காலில் இருந்து காப்பாற்றினார். அதன் நிறம் மண்ணிறம். தங்கைக்குக் கணக்கு அவ்வளவு வராது. அண்ணா வந்தால் சொல்லித் தரலாம்.” வந்து சேருகிற அண்ணனுக்கு ஒரு புது ஆளை அறிமுகப்படுத்துகிற வேலை. எப்படியோ, அவள் எழுதினாள். பட்டறையில் அந்தப் பெண்மணி சொன்னது இதுதானா என்று எனக்குத் தெரியாது. நான் வாசித்தேன், திகதி போட்டேன், கையொப்பம் வைத்தேன். சில நாட்களில் மிக நன்று என்று எழுதவும் துணிந்தேன். இரண்டாவது கொப்பியை அவள் பிறகு கேட்கவில்லை.

வருடக் கடைசி நாள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். யானைக்காரன் தன் கொப்பியால் பக்கத்தில் இருந்தவனின் தலையில் அடித்தபடி ஓடினான். தேயிலைக்காரன் அதில் ஒரு தாளைக் கிழித்து அங்கேயே கப்பல் செய்தான். எழுத்தைப் பற்றி நான் கட்டி வைத்திருந்த பெரிய எண்ணங்கள் வாய்க்காலில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. எரிக்காமல் கப்பல் செய்கிறார்களே என்றுதான் தோன்றியது.

எல்லோரும் போன பிறகு ஜன்னல் பக்கத்து வாங்குப் பிள்ளை தன் கொப்பியைப் பொலித்தீன் பையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“இது உன்ரை கொப்பி பிள்ளை. வீட்டை கொண்டு போ.”

“அம்மா வேண்டாமெண்டு சொன்னவா. திருப்பித் தந்தா ஆள் இல்லையெண்டு அர்த்தமாம். இஞ்சயே இருக்கட்டாம்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவளிடமாவது நேராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இது ஒரு இடமும் போகாதெண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

“எப்ப இருந்து தெரியும்?”

“நீங்கள் தந்த அண்டைக்கே சொன்னனீங்கள் தானே. நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்.”

“பிறகேன் பிள்ளை இவ்வளவும் எழுதினனீ?”

அவள் நான் கேட்டது விளங்காத மாதிரி என்னைப் பார்த்தாள்.

“எழுதேக்கை அம்மா எனக்குப் பக்கத்தில இருப்பா.”

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கொப்பியை எடுத்து, மேல்தட்டில் அந்தக் கிழிந்த காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன். அவள் பூட்டில் திறப்பு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அஞ்சாம் வகுப்பிலயும் கொப்பி தருவினமோ ரீச்சர்?”

ஐந்தாம் வகுப்பில் தரமாட்டார்கள். அங்கே புலமைப்பரிசில் பரீட்சை. பழைய வினாத்தாள்களுக்கே நேரம் போதாது, மாலையிலும் சனி ஞாயிறிலும் வகுப்பு. பிள்ளை வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடும். அந்த வகுப்பு ஆசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். நாட்குறிப்பு என்ற சொல்லை எடுத்தாலே சிரிப்பார்.

“கேட்டுப் பாக்கிறன் பிள்ளை” என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான், தாயிடம் காகிதம் வாங்கி வைத்தவர்களின் பதில் அது என்று எனக்கு உறைத்தது. பிள்ளை ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, தாய் செய்வது போலவே வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.